ஃபைபர் லேசர் கேஸ் சென்சார் தகராறு பண்ணுதா? அறிகுறி பாத்து இந்த வழியில போங்க

குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கம் ஐஸ் பிளாண்ட்ல அம்மோனியா லீக் பாக்கதுக்கு, குலசேகரம் பக்கம் ரப்பர் பால் யூனிட்ல, பயோகேஸ் டேங்க் ஓரத்துல மீத்தேன் பாக்கதுக்குன்னு லேசர் ஃபைபர் சென்சார் வச்சிருக்கவங்க எங்கிட்ட கேக்கது திரும்பத் திரும்ப அதே கேள்விதான், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிப் போடுதேன். லேசர் பெட்டி ரூமுக்குள்ள இருக்கும், அங்கேருந்து ஃபைபர் சைட்டுக்குப் போகும், சைட்ல கரண்டே இல்லாத ஒரு சின்ன ஹெட்டு. அதுல ரெண்டு லென்சுக்கு நடுவுல காத்து போற மாதிரி இடைவெளி இருக்கும், இல்லன்னா தூரத்துல ஒரு ரிஃப்ளெக்டர் வச்சு லைட்டு போய்த் திரும்பி வரும். இந்த ரெண்டு வகைக்கும் கீழ உள்ளது பொருந்தும்.

தொடங்கதுக்கு முன்னாடி ஒண்ணு. ரீடிங் கொஞ்சம் கோணலா வந்த உடனே ஜீரோ பட்டனை அமுக்காதீங்க, கை கூப்பிக் கேட்டுக்கிடுதேன். அழுக்கு கனெக்டரால வந்த தப்பு ரீடிங்கையும் சேத்து ஜீரோ பண்ணி வச்சுட்டீங்கன்னா, பிறகு எப்பவாச்சும் துடைக்கும்போது ரீடிங் மைனஸ்ல போய் நிக்கும், அதை விட மோசம் என்னன்னா நிஜமா லீக் ஆகும்போது குறைச்சுக் காட்டும், உள்ள வேலை பாக்குதவங்க உயிரு அந்த நம்பரை நம்பித்தான் இருக்கு. முதல்ல லைட்டு லெவல், அப்புறம் லேசர் டெம்பரேச்சர், அப்புறம் கேஸ் ரீடிங், கடைசியிலதான் ஜீரோ. இந்த வரிசையை மாத்தக்கூடாது.

இன்னொண்ணு, அம்மோனியா அலாரம் அடிச்சா சென்சார் கோளாறுன்னு நினைச்சு உள்ள போகாதீங்க. ஆளை வெளிய எடுத்து, கையில பிடிக்கிற மீட்டர் வச்சு பாத்த பிறகுதான் சென்சாரை சந்தேகப்படணும். வேலை பாக்குத இடத்துல 8 மணி நேரத்துக்கு 25 பிபிஎம்தான் (காத்துல பத்து லட்சத்துல 25 பங்கு) சராசரி வரம்பா வைக்காங்க, 300 பிபிஎம் உயிருக்கே ஆபத்துன்னு கணக்கு. அதே போல மீத்தேன் காத்துல 5 சதவீதம் ஆச்சுன்னா தீப்பிடிக்கத் தயாரா நிக்குதுன்னு அர்த்தம். அப்புறம் இந்த லேசர் லைட்டு அம்மோனியாவுக்கு 1512, மீத்தேனுக்கு 1653 நானோமீட்டர் அலைநீளத்துல வருது, கண்ணுக்குத் தெரியவே தெரியாது, அதனால லைட்டு வருதான்னு ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பாக்கவே கூடாது. கனெக்டர் கழத்துறதுக்கு முன்னாடி லேசர் ஆஃப்.

## அறிகுறி 1: லைட்டு லெவல் குறைஞ்சு போச்சு, "லோ சிக்னல்" காட்டுது

பத்து தகராறுல ஏழெட்டு இதுதான். முதல்ல பாக்க வேண்டியது எல்லா பாயிண்டும் (ஒவ்வொரு ஹெட்டும் ஒரு பாயிண்டு) விழுந்திருக்கா, ஒண்ணு மட்டுமா.

### எல்லா பாயிண்டும் சேந்து விழுந்திருந்தா

கோளாறு ரூமுக்குள்ளதான், இல்லன்னா பிரியதுக்கு முன்னாடி உள்ள மெயின் கேபிள்ல. லேசர் ஆன் ஆயிருக்கா, டெம்பரேச்சர் சரியா காட்டுதா (இல்லன்னா நேரா அறிகுறி 6க்குப் போங்க), பெட்டிக்குப் பின்னாடி உள்ள முதல் கனெக்டரை யாராவது ரூம் கூட்டும்போது இழுத்து விட்டாங்களா, இவ்வளவுதான். அது சரியா இருந்தா ஸ்ப்ளிட்டருக்கு (ஒரு லைட்டைப் பல ஃபைபருக்குப் பிரிச்சு விடுறது) முன்னாடியும் பின்னாடியும் பவர் மீட்டர் வச்சு அளந்துருங்க.

### ஒரே ஒரு பாயிண்டு மட்டும் விழுந்திருந்தா

லென்ஸ். செலவில்லாத வேலை, முதல்ல இதைப் பண்ணுங்க. கடலோரத்துல லென்ஸ்ல படியிறது தூசி இல்ல, உப்பு. உப்பு காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா தானா தண்ணியை இழுத்துக் கரைஞ்சு படலமா நிக்கும், நம்ம கடற்கரையில ராத்திரியானா பெரும்பாலும் அதுக்கு மேலதான். பகல்ல காஞ்சு வெள்ளையா பொடிப்பொடியா நிக்கும். அதனால மதியம் ஒரு லெவல், விடியக்காலம் ஒரு லெவல்னு வந்தா உப்புன்னு முடிவு பண்ணிரலாம்.

துடைக்கதுல நிறைய பேரு பண்ணுத தப்பு, நேரா ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை எடுத்து அழுத்தித் துடைக்காங்க. உப்பு ஆல்கஹால்ல கரையவே கரையாது, அந்தப் பொடி லென்ஸ் மேல தேய்ஞ்சு கோட்டிங்கை கீறிரும், அந்தக் கீறல் போகாது. முதல்ல டிஸ்டில்டு வாட்டர், பேட்டரிக்கு ஊத்துறது போதும், அதைத் தாராளமா விட்டுக் கழுவி உப்பைக் கரைச்சு ஓட விடுங்க, தேய்க்க வேண்டாம். அப்புறம் லென்ஸ் பேப்பர்ல ஆல்கஹால் தொட்டு ஒரே பக்கமா ஒரு இழுப்பு, பேப்பரை மாத்தி இன்னொரு இழுப்பு. சட்டை நுனி, கைலி, டிஷ்யூ பேப்பர் எதுவும் கூடாது. தென்மேற்குப் பருவம் அடிக்கிற ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் மேற்குக் கடற்கரை சைட்டுக்கு வாரம் ஒரு தடவை இந்தக் கழுவல் வேணும், மத்த மாசம் லெவலைப் பாத்துப் பண்ணினா போதும்.

துடைச்சதும் லெவல் ஏறிடுச்சுன்னா முடிஞ்சது. அதுக்கு மேல எதையும் தொடாதீங்க.

சிலந்தி, எறும்பு. லென்சு ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு நூல் வலை இருந்தாக்கூட லெவல் ஆடும், காத்தடிச்சா ஏறி இறங்கும். ஹெட்டுக்கு உள்ள எறும்பு கூடு வச்சிருந்தா கேபிள் நுழையிற இடத்துல ரப்பர் கிளாண்ட் லூசா இருக்குன்னு அர்த்தம், அதை டைட் பண்ணி, கேபிளை கீழேருந்து மேல ஏறுத மாதிரி வளைச்சு விடுங்க, மழைத்தண்ணி வழிஞ்சு உள்ள போகாம அங்கேயே சொட்டிரும்.

கனெக்டர். லென்ஸ் சரின்னா இது. ஃபைபருக்குள்ள லைட்டு போற நடுப்பகுதி 9 மைக்ரான்தான், தலைமுடி கனத்துல ஏறக்குறைய பத்துல ஒரு பங்குதான், அது மேல ஒரு தூசி உக்காந்தா போதும். பேனா மாதிரி வர்ற கிளீனரை வச்சு ஒரு கிளிக், ஃபைபர் பாக்குற மைக்ரோஸ்கோப் இருந்தா துடைக்கதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பாருங்க. ஆண் முனையை மட்டும் துடைச்சுட்டு அடாப்டருக்குள்ள இருக்க எதிர் முனையை விட்டுட்டா திரும்பவும் அழுக்கு ஒட்டும், ரெண்டையும் துடைக்கணும்.

அதோட கலரைப் பாருங்க. பச்சை கனெக்டரோட முனை 8 டிகிரி சரிவா வெட்டினது, நீலம் நேரா வெட்டினது. கேபிள் டிவி தம்பி அவசரத்துக்கு நீல பேட்ச் கார்டை (ரெண்டு முனையிலயும் கனெக்டர் உள்ள சின்ன ஃபைபர் கேபிள்) பச்சை அடாப்டர்ல சொருகிட்டுப் போயிருந்தா லைட்டும் குறையும், ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விழுந்து லைட்டு திரும்பி அடிக்கும், அதனால வர்ற தொந்தரவு அறிகுறி 3ல இருக்கு. பச்சைக்கு பச்சைதான்.

வளைவு. இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுதாங்க, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்லுதேன். ஃபைபர் வளைஞ்சா லைட்டு வெளிய கசியும், அலைநீளம் கூடக் கூட கசிவும் கூடும். இன்டர்நெட் லைன் போடுதவங்க பவர் மீட்டரை 1310ல வச்சு, இல்ல 1550ல வச்சுப் பாத்துட்டு "அண்ணே லைன் கிளீனா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க, அவங்க சொல்லுதது பொய் இல்ல, அந்த அலைநீளத்துல கிளீன்தான், ஆனா நம்ம மீத்தேன் லேசர் 1653ல ஓடுது, அங்க அதே வளைவுல லைட்டு பாதி கூட மிஞ்சாம இருக்கலாம். அதனால லைன் பாக்கச் சொல்லும்போது 1625 இல்லன்னா 1650ல பாருங்கன்னு கேட்டு வாங்குங்க. 1550ல நல்லா இருக்கு, 1625ல மோசம்னு வந்தா உடைசலே தேட வேண்டாம், எங்கேயோ இறுக்கமா மடங்கிக் கிடக்கு.

எங்க மடங்கும்? கேபிள் டை இறுக்கிக் கட்டுன இடம், சுவத்து மூலை, ஜங்ஷன் பெட்டிக்குள்ள மிச்சக் கேபிளைச் சின்ன வட்டமா சுத்தித் திணிச்ச இடம், மேல கல்லோ ஓலையோ விழுந்து கிடக்க இடம். சாதாரண ஃபைபரை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழ சுத்தக்கூடாது, அதாவது வட்டம் குறுக்க 6 சென்டிமீட்டராவது இருக்கணும். டையை வெட்டித் தளத்தி விட்டதும் ஸ்க்ரீன்ல லெவல் ஏறுததைப் பக்கத்துல ஒருத்தர நிறுத்திப் பாக்கச் சொல்லுங்க. லைட்டு போற அதே ஃபைபர்ல திரும்பி வர்ற செட்டா இருந்தா ஒரு வளைவு ரெண்டு தடவை லைட்டைத் தின்னும், அதையும் ஞாபகம் வச்சுக்கிடுங்க. பவர் மீட்டர் லைட்டை டிபி கணக்குல காட்டும், 3 டிபி குறைஞ்சா லைட்டு பாதி, 6 டிபின்னா கால்.

உடைசல். எலி, அணில் கடிச்சிருக்கும், இல்லன்னா தென்னை மட்டை விழுந்து அறுத்திருக்கும். லெவல் சுத்தமா ஜீரோ. சிவப்பு லைட் அடிக்கிற டார்ச் பேனா ஒண்ணு இருக்கு, அதை ரூம் பக்கத்துலேருந்து விட்டா ஒடஞ்ச இடத்துல உறை வழியா செக்கச்செவேல்னு தெரியும், சாயங்காலம் வெளிச்சம் மங்கின பிறகு பாத்தா சுலபம். தூரமான லைன்னா ஓடிடிஆர் வேணும், லைட்டு பல்ஸ் விட்டு எத்தனை மீட்டர்ல ஒடஞ்சிருக்குன்னு காட்டுற மெஷின் அது. இங்க ஆளைக் கூப்பிடணும்: ஒட்டவைக்கிற மெஷின் வச்சிருக்க ஃபைபர் தம்பி யாரா இருந்தாலும் போதும், கேஸ் சென்சார் ஆளு வேண்டியதில்ல. ஆனா ஒரு கண்டிஷன், ஓடிடிஆரை மாட்டுறதுக்கு முன்னாடி நம்ம பெட்டியை ரெண்டு பக்கமும் கழத்தியே ஆகணும், அது விடுத பல்ஸ் நம்ம டிடெக்டரைக் காலி பண்ணிரும். கூடவே, கனெக்டர் போட்டு ஜாயின் பண்ண வேண்டாம், உருக்கி ஒட்டுங்கன்னு சொல்லுங்க.

ரிஃப்ளெக்டர் நேர்க்கோடு. தூரத்து ரிஃப்ளெக்டர் வகைக்கு மட்டும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்தாடி சுத்துற அந்தக் காத்துல கம்பம் ஆடும், லெவல் நொடிக்கு நொடி துள்ளும். காத்து நிக்கும்போது சரியாகுதுன்னா கம்பம்தான், ஸ்டே கம்பி கட்டுங்க. காத்து நின்ன பிறகும் குறைவாவே இருந்தா ஹெட்டு திரும்பிருச்சு, பாயிண்டர் லைட்டை வச்சு நடுவுக்குக் கொண்டு வாங்க, கிடையா ஒரு திருகு, செங்குத்தா ஒரு திருகு, ஒவ்வொண்ணா. நடுவுல வாழை வளந்து நிக்குதான்னும் பாருங்க, வாழை வளருத வேகம் சும்மா இல்ல.

## அறிகுறி 2: லைட்டு நல்லா இருக்கு, ரீடிங் மட்டும் ஜீரோல செத்துக் கிடக்கு

### மீத்தேன் சென்சார், ரிஃப்ளெக்டர் வகையா?

அப்ப ஜீரோ வரவே கூடாது. சாதாரண காத்துலயே மீத்தேன் ஏறக்குறைய 1.9 பிபிஎம் இருக்கு. ரிஃப்ளெக்டர் 100 மீட்டர்ல இருந்தா போய்வர 200 மீட்டர், அப்ப 380 பிபிஎம் மீட்டர் (பிபிஎம்மை லைட்டு போற மீட்டரால பெருக்கின கணக்கு) பக்கம் எப்பவும் காட்டணும். அது காட்டலன்னா லேசர் மீத்தேனோட கோட்டை (மீத்தேன் லைட்டை உறிஞ்சுத ஒல்லியான அலைநீள இடம்) விட்டு நகந்துருச்சு, இல்லன்னா யாரோ ஜீரோ பட்டனை அமுக்கி இருக்காங்க. செட்டிங்ஸ்ல ஆஃப்செட் நம்பரை (ஜீரோ பண்ணும்போது பெட்டி கழிச்சு வைக்கிற அளவு) பழைய லாக் புத்தகத்தோட ஒப்பிட்டுப் பாருங்க, மாறியிருந்தா பழசையே போடுங்க.

ஆஃப்செட் சரின்னா லேசர் டெம்பரேச்சர் செட் பாயிண்டை (லேசரை எத்தனை டிகிரியில நிறுத்தணும்னு வச்சிருக்க நம்பர்) பாருங்க. லேசர் 1 டிகிரி தள்ளினா அலைநீளம் 0.1 நானோமீட்டர் நகரும், கேஸோட கோடு அதை விட ஒல்லி. பெட்டிக்குள்ள மீத்தேன் அடைச்ச ரெஃபரன்ஸ் செல் இருந்தா அதோட சிக்னல் வருதான்னு மெனுவுல பாருங்க: ரெஃபரன்ஸ் வருது, சைட் வரலன்னா ஆஃப்செட் அல்லது ஹெட்டுலதான் தகராறு. ரெஃபரன்சே வரலன்னா லேசர் நகந்துருச்சு, கம்பெனி ஆளைக் கூப்பிடுங்க, செட் பாயிண்டை நீங்களா திருகித் தேட வேண்டாம், பக்கத்துல வேற கோட்டுல போய் நின்னுட்டு அதையே சரின்னு நம்பிட்டு இருக்கும்.

### சின்ன இடைவெளி ஹெட்டு, இல்ல அம்மோனியாவா?

அப்ப ஜீரோ காட்டுறது சகஜம், சாதாரண காத்துல அம்மோனியா இந்த மீட்டருக்குத் தெரியிற அளவு கிடையாது. உயிரோட இருக்கான்னு பாக்கதுக்கு டெஸ்ட் கேஸ் கொடுக்கணும்.

மீத்தேனுக்கு லைட்டர் கேஸ் அடிச்சுப் பாத்தேன் ஒண்ணும் காட்டல, சென்சார் போயிருச்சுன்னு வர்ற போன் நிறைய. லைட்டர்ல இருக்கது பியூட்டேன், வீட்டு சிலிண்டர்ல புரோப்பேனும் பியூட்டேனும், இந்த லேசர் மீத்தேன் கோட்டை மட்டும்தான் பாக்கும், அதனால காட்டாததுதான் சரி. பயோகேஸ் யூனிட்லன்னா கையிலயே மருந்து இருக்கு, பயோகேஸ்ல பாதிக்கு மேல மீத்தேன்தான், ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில பிடிச்சு திறந்த வெளியில, பக்கத்துல நெருப்பு, சுவிட்ச் எதுவும் இல்லாம ஹெட்டு மேல கவுத்துப் பாருங்க, சட்டுன்னு ஏறணும். இது உயிரோட இருக்கான்னு பாக்கத்தான், அளவு சரியான்னு பாக்க இல்ல. அம்மோனியாவுக்கு இந்த மாதிரி எதுவும் பண்ணாதீங்க, கூட வந்த டெஸ்ட் செல்லை (கேஸ் அடைச்ச சின்னக் குப்பி) மட்டும் போடுங்க, இல்லன்னா காலிப்ரேஷன் சிலிண்டரோட ஆளைக் கூப்பிடுங்க.

## அறிகுறி 3: ரீடிங் மெதுவா ஏறி இறங்கிட்டே இருக்கு, கேஸ் இல்லாதப்பவும்

பகல் சூட்டுல ஒரு மாதிரி, ராத்திரி ஒரு மாதிரி, சில நேரம் மைனஸ். ரெண்டு வழுவழுப்பான முகத்துக்கு நடுவுல லைட்டு திரும்பத் திரும்ப அடிச்சு வர்ற தொந்தரவு இது, சூடு மாறினா அந்த இடைவெளி இம்மியளவு மாறும், ரீடிங்கும் கூடவே மாறும்.

செக் பண்ணுதது சுலபம். ரீடிங்கைப் பாத்துக்கிட்டே ஒவ்வொரு கனெக்டரா கையால பொத்திப் பிடிச்சுச் சூடாக்குங்க, பேட்ச் கார்டை லேசா அசைச்சு விடுங்க.

### கை வச்சதும் மாறுதா?

அந்த ஜாயின்ட்தான். துடைங்க, நீலம் பச்சை கலந்திருந்தா மாத்துங்க. துடைச்சும் போகலன்னா புது பேட்ச் கார்டு, அதுவும் மஞ்சள் சிங்கிள் மோடுதான். ஆரஞ்சு கலர், கடல்நீல கலர் கேபிள் மல்டிமோடு, லேசர் போற பக்கம் அதை யாராவது மாட்டியிருந்தா அசைக்கும்போதெல்லாம் ரீடிங் துள்ளும். திரும்பி வர்ற பக்கம் மட்டும் சில கம்பெனி வேணும்னே மல்டிமோடு போட்டிருப்பாங்க, செட்டோட இணைப்புப் படத்தைப் பாத்துட்டு மாத்துங்க. அப்பவும் போகலன்னா கனெக்டரையே எடுத்துட்டு உருக்கி ஒட்டச் சொல்லுங்க.

### எதைத் தொட்டாலும் மாறல?

ஹெட்டுக்கு உள்ள லென்ஸ்லயோ ஜன்னல் கண்ணாடியிலயோ இருக்கு. வெளிப்பக்கம் கழுவுங்க, உள்பக்கம் பனி மாதிரி வேர்த்திருந்தா சிலிகா ஜெல் பாக்கெட் நிறம் மாறிருக்கும், புதுசு போட்டு ஓ-ரிங்கை மாத்துங்க. லென்ஸ் தானே கோணம் மாறியிருந்தா சைட்ல சரிபண்ண முடியாது, ஹெட்டைக் கழத்தி அனுப்பணும்.

## அறிகுறி 4: விடியக்காலம் மட்டும் அலாரம்

லைட்டு லெவலையும் ரீடிங்கையும் ஒரே கிராஃப்ல போட்டுப் பாருங்க.

### லெவலும் கூடவே விழுதா?

பனி, ஈரம், உப்பு. அறிகுறி 1க்குப் போங்க. பெருமழையில, கடல் மூடுபனியில லைட்டு மறைஞ்சே போகும், அப்ப வர்ற ரீடிங்கை நம்ப வேண்டாம். குறைஞ்ச லைட்டுல அலாரம் அடிக்காம "லோ சிக்னல்" மட்டும் காட்டுத செட்டிங் இருந்தா போட்டு வைங்க, ஆனா அந்த லோ சிக்னலைப் பாக்க ஆளு ஒருத்தர் இருக்கணும்.

### லெவல் நல்லா இருக்கு, ரீடிங் மட்டும் ஏறுதா?

அப்ப இது கோளாறே இல்லாம இருக்கலாம், தயவுசெஞ்சு அலாரத்தை அணைச்சுப் போடாதீங்க. ராத்திரி காத்து அசையாம தரையோட கிடக்கும், சேத்துலேருந்தும் தேங்காய்த் தொண்டு ஊறுத குளத்துலேருந்தும் வர்ற மீத்தேன் கலையாம அங்கனயே நிக்கும், வெயில் ஏறி கடக்காத்து வந்ததும் இறங்கிரும். மணக்குடி காயல் மாதிரி சதுப்பு இடத்துப் பக்கம் இது இயல்பு. ஐஸ் பிளாண்ட்லன்னா அந்த நேரத்துல கம்ப்ரஸர் எது ஓடுது, ஆயில் எப்ப வடிக்காங்கன்னு ஆப்பரேட்டர் அண்ணன்கிட்ட கேளுங்க, நேரம் ஒத்து வந்தா வால்வ் கிளாண்ட் கசியுது, கூப்பிட வேண்டியது ரெஃப்ரிஜரேஷன் மெக்கானிக்கை.

## அறிகுறி 5: கேஸ் போயாச்சு, ரீடிங் இறங்க மாட்டேங்குது

ஹெட்டு மேல உள்ள மெஷ் ஃபில்டர் உப்பும் எண்ணெய்ப் பிசுக்குமா அடைச்சிருக்கும், கழத்தி டிஸ்டில்டு வாட்டர்ல ஊறப்போட்டு நல்லா காய வச்சு மாட்டுங்க. காயாம மாட்டினா அம்மோனியாவுக்கு இன்னும் மோசம், அது தண்ணியில அப்படியே கரைஞ்சு தங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடும். பம்ப் வச்சு ட்யூப்ல இழுக்குற செட்டுன்னா ட்யூப்ல தண்ணி நிக்குதா, மடங்கியிருக்கா, பம்ப் டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கா பாருங்க, ட்யூபு டெஃப்லான்தானான்னும் பாருங்க.

## அறிகுறி 6: லேசர் டெம்பரேச்சர் எரர்

பெட்டிக்கு வெளிய உள்ளதை மட்டும் நீங்க பாருங்க. ஃபேன் சுத்துதா, ஃபில்டர்ல தூசி அடைச்சிருக்கா, மதிய வெயில் பெட்டி மேல விழுதா, ரூம் ஏசி நின்னுருச்சா. தகரக் கூரைக்குக் கீழ வச்சிருக்க பெட்டி மதியம் எரர் காட்டி ராத்திரி தானா சரியாகுதுன்னா குளிரூட்டுற பெல்டியருக்குத் தாங்கல, நிழலுக்கு மாத்தினாலே போதும். அக்டோபர் நவம்பர் இடி மின்னலுக்குப் பிறகு வந்த எரர்னா, ஃபைபர் வழியா மின்னல் வராது, கரண்ட் லைன் வழியாத்தான் வந்திருக்கும், யுபிஎஸ், சர்ஜ் பாக்ஸ், எர்த் மூணையும் எலக்ட்ரீஷியனை வச்சுப் பாத்துட்டு அப்புறம் பெட்டியை ஆன் பண்ணுங்க.

குளிர்ச்சியான ரூம்லயும் எரர் நிக்குதுன்னா உள்ள தெர்மிஸ்டர் (சூட்டை அளக்கது), பெல்டியர், லேசர் மூணுல ஒண்ணு. தெர்மிஸ்டர் பெரும்பாலும் 25 டிகிரியில 10 கிலோ ஓம் காட்டுறது, ஆனா அதை அளக்க மூடியைத் திறக்காதீங்க, கையில இருக்க ஸ்டேட்டிக் கரண்டே லேசரைக் கொன்னுரும், இந்த செட்லயே விலை கூடின சாமான் அதுதான். நேரா கம்பெனி ஆளு.

கூப்பிடும்போது வெறுமனே "ஒர்க் ஆகல"ன்னு சொல்லாம, இன்ஸ்டால் பண்ணுன அன்னைக்கு இருந்த லைட்டு லெவல், இன்னைக்கு உள்ள லெவல், லேசர் டெம்பரேச்சர், கரண்ட், ரெஃபரன்ஸ் சிக்னல், ஆஃப்செட், எந்த நேரத்துல வருது, கடைசியா எதைத் துடைச்சீங்க, எதை மாத்துனீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்பிருங்க. அவங்க வெளியூர்லேருந்து வரணும், சரியான பார்ட்ஸை முதல் தடவையே எடுத்துட்டு வருவாங்க. அவங்க வர்ற வரைக்கும் அந்த பாயிண்ட்ல கையில பிடிக்கிற மீட்டர் இல்லாம யாரையும் வேலைக்கு விடாதீங்க.